பதிமூன்றாவது தவணை

எர்னான் புவெனோஸ் ஐரிஸிலிருந்து திரும்பி வந்தபோது அவன் உடம்பில் பஞ்சு திணித்த, கையில்லாத மேல்சட்டை ஒன்று ஏறியிருந்தது. ரொசாரியோவில் அன்று தார் இளகும் வெயில். ஆனாலும் அதை அவன் கழற்றவில்லை. ஏதோ தொழில் கருத்தரங்கில் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்களாம். அந்த இலவசத்தைப் போட்டுக்கொண்டு நின்று, இனி யாருக்கும் எதையும் ஒரேயடியாக விற்கக் கூடாது என்று அவன் பேசத் தொடங்கியதை எல்வியோ நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொடர் வருமானம்," என்றான் எர்னான், சாமி பேரைச் சொல்வதுபோல. "உலகம் பூரா இப்ப அதான். ஒரு தடவை வித்துட்டு கையத் தொடச்சிக்கிறவன் பொட்டிக்கடைக்காரன். மாசாமாசம் வாங்கறவன்தான் கம்பெனி."

"பொட்டிக்கடைக்காரன் பசங்க லீவுக்குக் கடலுக்குப் போறாங்க," என்றாள் சில்வினா. "நாம கம்பெனி. நாம நேத்து போட்ட மாத்தே எலையிலயே இன்னிக்கும் வெந்நி ஊத்திக் குடிக்கிறோம்."

அவள் அப்படிச் சொல்லிக்கொண்டே குடுவையில் வெந்நீர் ஊற்றி எல்வியோவிடம் நீட்டினாள். உறிஞ்சினான். தேநீர்போல் கசக்க வேண்டியது, வெறும் வெந்நீர்தான்.

கம்பெனி என்பது அந்த மூன்று பேர்தான். சான் லூயிஸ் தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே ஒலிபெருக்கி நாள் முழுக்கப் படுக்கை விரிப்பின் விலையைக் கத்தும். விலை மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும், குரல் மாறாது. மேலே இவர்கள் மெசா என்ற மென்பொருளை விற்றார்கள். தங்களுக்கென்று ஓர் இணைய மன்றம் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கி, தங்கள் சொந்தச் செலவில் ஒரு சர்வர் பிடித்து, அதில் நிறுவிக்கொண்டு, ராத்திரி பகலாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். எல்வியோ எழுதினான். எர்னான் விற்றான். வாங்கியவர்களின் வசவுக்கு சில்வினா பதில் சொன்னாள்.

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் வாழ்க்கையே வெறுத்துவிடும். மெண்டோசாவில் ஓடாத பழைய கார்களை வைத்துக்கொண்டு ஓடுவதுபோல் பேசுகிறவர்கள். நகரப் பேருந்துகளைப் படம் பிடித்து வண்டி எண்ணுக்காக அடித்துக்கொள்கிறவர்கள். சாந்தா ஃபேயில் போட்டிக்காகக் கானரிக் குருவி வளர்க்கிறவர்கள். இவர்களெல்லாம் ஒருமுறை காசு கொடுத்தார்கள், பல வருஷம் முன்னால். அதற்கு அப்புறம் ஒரு சல்லிக்காசு தரவில்லை. புதுப் பதிப்பு வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எவனும் புதுப் பதிப்பு வாங்கவில்லை. பழையதையே ஓட்டினான். பழையது மக்கர் பண்ணினால் மட்டும், ஏதோ பரம்பரைச் சொத்தை எல்வியோ அபகரித்துவிட்டதுபோல் கூப்பாடு போட்டான்.

எல்வியோவுக்கு அவர்களைப் பிடிக்காது. ஆனால் அவர்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தான். விற்பனைப் பக்கத்தில், தன் பெயரைப் போட்டு, அவனே எழுதியது: வாங்கினால் உங்களுடையது, நாங்கள் கடையைச் சாத்தினாலும் ஓடும். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன், கல்யாணத்தைப் பாதியில் விட்டவன். முழுசாக வைத்திருந்தது அந்த ஒரு வரியைத்தான்.

"அந்த வரிய எடுக்கணும்," என்றான் எர்னான். "இனிமே சந்தா. கட்டற வரைக்கும் ஓடும். நிறுத்தினா நின்னுடும்."

"அவனவன் சர்வர்ல இருக்கறது எப்பிடி நிக்கும்?"

"நீ நிறுத்துவ, குண்டா. ஒரு பூட்டு எழுது. மாசம் ஒரு தடவை நம்மகிட்ட கேக்கட்டும், இவன் கட்டிட்டானான்னு. கட்டலையா, ஃபோரம் மூடிக்கட்டும்."

"அவன் வீட்டுக்குள்ள போயி நான் பூட்டு போடணும்."

"உன் பூட்டு. உன் கதவு."

"வீடு அவனுது, ஒல்லி."

எல்வியோவைக் குண்டன் என்பதுபோல் எர்னானை எல்லாரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது தொப்பை வந்துவிட்டது, பெயர் போகவில்லை. அவன் மேல்சட்டையின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தான்.

"சரி, நியாயத்துக்கே வா. சர்வர் வாடகைக்கு விடறவன் எல்லாம் இந்த வருஷத்தோட பழைய அடித்தளத்த நிறுத்தறான். பழைய மெசா புதுசுல ஓடாது. நீதான் ஒக்காந்து புதுசு எழுதின, எட்டு மாசம். அந்தக் குருவிக்காரன் அதுக்கு என்ன குடுத்தான்? வேலை மட்டும் வருஷா வருஷம், காசு மட்டும் ஒரு தடவையா?"

அதில் எல்வியோவுக்கும் நியாயம் தெரிந்தது. அதுதான் எரிச்சல். முட்டாளாக இருந்தால் திட்டிவிடலாம். எர்னான் பாதி உண்மையை வைத்துக்கொண்டு பேசுகிறவன், மீதிப் பாதிக்கு மேல்சட்டை போட்டுவிடுவான்.

"மாசாமாசம் வாங்கு," என்றான் எல்வியோ. "கட்டலேன்னா புதுசு குடுக்காத. இருக்கறத மூடாத."

"அதத்தானே இத்தன வருஷம் பண்ணோம்? எவன் கட்டினான்? சரி, நீ பூட்ட எழுத வேணாம். நாளைக்கே கடையச் சாத்துவோம். நீ பழையபடி துறைமுகத்துல போயி சோயா லாரிக்கு ராத்திரி பூரா சீட்டுக் கிழி."

எல்வியோ பூட்டை எழுதினான். ஒரு மத்தியானம் பிடித்தது. பல வருஷமாக அவன் எழுதியதிலேயே ஒரு பிசிறு இல்லாமல் வந்தது அதுதான், அதையும் அவன் கவனித்தான். விற்பனைப் பக்கத்திலிருந்து அவனுடைய வரியை எர்னான் எடுத்தான். யாரும் அதைக் கேட்கவில்லை.

*

புது விலை வெளியான அன்று காலை சில்வினா தலைவலி மாத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வசவு வெள்ளமாக வரும் என்று மூவரும் காத்திருந்தார்கள். வந்தது பாராட்டு.

முதலில் எழுதியவர் தோன் ஹசிந்தோ கப்ரோல். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், சாந்தா ஃபே கானரி வளர்ப்போர் சங்கத் தலைவர், மெசாவைத் திட்டுவதில் முதல் பரிசுக்காரர். எழுதுவதையெல்லாம் பெரிய எழுத்தில்தான் போடுவார். கடைசியில் உங்களுக்கும் புத்தி வந்தது என்று தொடங்கி, மனிதன் வாங்குகிற மாதிரி ஒரு விலை வைத்திருக்கிறீர்கள் என்று புகழ்ந்து, சங்கம் அன்றே பணம் கட்டிவிட்டதாக முடித்திருந்தார். அவரைப் பார்த்து பேருந்துக்காரர்கள் கட்டினார்கள். கார்க்காரர்கள் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் எர்னான் கீழே போய் கறி அடைத்த எம்பனாதா ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தான்.

"சொன்னேன்ல? ஜனங்க மாறிட்டாங்க. நாமதான் பயந்து செத்தோம்."

சில்வினா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மென்றாள்.

"ஒல்லி, இவங்க சந்தா கட்டல."

"பணம் வந்திருக்கு."

"பணம் வந்திருக்கு. இவங்க ஃபிரிட்ஜ் வாங்கிட்டு இருக்காங்க."

எர்னான் வைத்த விலை இதுதான்: ஒரு வருஷ ஒப்பந்தம், பன்னிரண்டு மாதக் கட்டணம், அந்த வருஷம் முழுக்க விலை ஏறாது. சந்தா என்ற சொல் பக்கத்தில் இருந்தது, புதுப்பித்தல் என்ற சொல்லும் இருந்தது. ஆனால் பணம் கட்டும் பெட்டி எல்லாக் கடைக்காரனும் வைத்திருக்கிற அதே பெட்டி. பன்னிரண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு தொகை போட்டது. இந்த நாட்டில் செருப்பிலிருந்து சவப்பெட்டி வரைக்கும் பன்னிரண்டு தவணை. ஏறாத தவணை என்றால் கேட்கவே வேண்டாம். முதல் தவணை கட்டும்போது கண்ணில் நீர் வரும், கடைசித் தவணை கட்டும்போது விலைவாசி அதைத் தின்று தீர்த்திருக்கும், ஒரு காப்பிக் காசுகூட ஆகாது. விற்றவனைத் தோற்கடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு பொருள் வீட்டுக்கு வரும். பன்னிரண்டு என்ற எண்ணையும் மாறாத விலையையும் பார்த்த மாத்திரத்தில் இந்த ஊர்க்காரன் வேறு எதையும் படிக்க மாட்டான். அவனுக்கு அது பிறவியிலேயே தெரிந்த கணக்கு.

"பன்னெண்டு கட்டினா அவங்களுக்குச் சொந்தம்னு நெனைக்கறாங்க," என்றாள் சில்வினா. "எல்லாரும். ஒருத்தர்கூட மிச்சமில்ல. இதப் பாரு, பஸ்சுக்காரன் கேக்கறான், பதினெட்டுத் தவணை கெடையாதான்னு."

எல்வியோ எழுந்தான். "நான் ஒரு அறிவிப்பு எழுதறேன்."

"என்னன்னு?" எர்னான் கேட்டான்.

"இது தவணை இல்ல, வாடகைன்னு."

"பக்கத்துல சந்தான்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"நாம பொய் சொன்னமா?"

"இல்ல."

"அப்புறம்? அவன் படிக்காததுக்கு நீ ஏன் வாத்தியார் வேலை பாக்கற? உக்காரு. எம்பனாதா ஆறிடும்."

எல்வியோ உட்கார்ந்தான். எம்பனாதாவும் தின்றான். பிற்பாடு இதை நினைக்கும்போது, யாரோ தடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாதபடி அவனுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. மாட்டுக்கறி எம்பனாதா, உள்ளே ஆலிவ் காய், கொட்டையோடு.

*

அந்த வருஷம் அலுவலகம் செழித்தது. மாத்தே இலை தினமும் புதுசு. சில்வினா தன் பெண்ணுக்குப் பல்லில் கம்பி கட்டினாள். எர்னான் சுவரில் ஏசி ஒன்று மாட்டினான், பன்னிரண்டு தவணையில். மாட்டிய பின் அவன் மேல்சட்டையைப் போட்டுக்கொள்வதில் ஓரளவு அர்த்தம் வந்தது.

எல்வியோ புதுப் பதிப்புகள் எழுதினான். பூட்டு உள்ளே இருந்தது, மாதம் ஒருமுறை ஒவ்வொரு மன்றமும் கட்டியாகிவிட்டதா என்று கேட்டது, ஆம் என்று பதில் வந்தது. ஒருவருக்கும் அது தெரியாது. தங்கள் வீட்டில் தெரியாத ஒருவன் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்கள் குருவிகளின் கால்வளைய எண்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

மார்ச் மாதம் தோன் ஹசிந்தோ நேரில் வந்தார். சாந்தா ஃபேயிலிருந்து பேருந்தில் வந்து, மாடிப்படியில் மூச்சு வாங்கி, கையில் ஊர் இனிப்பான அல்ஃபஹோர் பெட்டி ஒன்றோடு நுழைந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. சோப்பு மணக்கும் விரல்கள். எர்னானைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார், சில்வினாவுக்கும். எல்வியோவிடம் வரும்போது வேகம் குறைந்துவிட்டது. கை மட்டும் கொடுத்தார்.

"இந்த மாசத்தோட முடியுது, தம்பிகளா. கடைசித் தவணை!" என்றார் உட்கார்ந்தபடி. "மொதத் தவணை கட்டறப்போ எங்க பொருளாளர் அழுதான். இப்ப கட்டின காசுக்கு ரெண்டு காப்பி வராது. நாங்க ஜெயிச்சோம், நீங்க தோத்தீங்க. ஒத்துக்கங்க."

"தோத்தோம், தோன் ஹசிந்தோ," என்று எர்னான் சிரித்தான்.

"ஒரு காயிதம் வேணும். பாக்கி எதுவும் இல்லைன்னு. ஏப்ரல்ல பொதுக்குழு. சங்கத்துச் சொத்துல சேக்கணும். போட்டிக் கூண்டு, கோப்பை அலமாரி, அதுக்குக் கீழ மெசா. ஜூன்ல மாகாணப் போட்டி, பேர் குடுக்கறது மொத்தமும் ஃபோரத்துலதான். பரானா சங்கத்துக்காரன் இன்னும் தாள்ல எழுதி வாங்கறான், காட்டுப்பய."

"இப்பவே அடிச்சுத் தர்றேன்."

எர்னான் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். பன்னிரண்டு மாதக் கட்டணமும் செலுத்தப்பட்டது, இன்றைய தேதியில் பாக்கி இல்லை. அவன் தட்டச்சு செய்வதை எல்வியோ தோளுக்கு மேலாகப் படித்தான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த வாசகத்தில் அவ்வளவு கவனம் இருந்தது. எர்னான் இதை இன்று யோசித்து எழுதவில்லை என்பது எல்வியோவுக்கு அப்போது விளங்கியது.

"அது சொத்து இல்ல, தோன் ஹசிந்தோ," என்றான்.

"என்னது?"

"சொத்துல சேக்காதீங்க. நீங்க அத வாங்கல. வாடகைக்கு எடுத்திருக்கீங்க. அடுத்த மாசமும் கட்டணும், புது விலைக்கு. கட்டலேன்னா பூட்டிக்கும்."

கிழவர் எர்னானைப் பார்த்தார். எர்னான் தோளைக் குலுக்கினான், வீட்டில் சித்தம் கலங்கிய மாமா ஒருவர் இருப்பதை விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்பவன்போல.

"பதிமூணாவது தவணையா?" தோன் ஹசிந்தோ சிரிக்கத் தொடங்கினார். "தம்பி, நான் நாப்பது வருஷம் பல்லு புடுங்கினவன். பல் செட்டு தவணைக்குக் குடுத்திருக்கேன், பாதி சாந்தா ஃபே என் பல்லுலதான் மெல்லுது. பன்னெண்டு கட்டிட்டா பல்லு அவனுது. பதிமூணாவது மாசம் அவன் வீட்டுக்குப் போயி வாயத் தொறடான்னா கேப்பேன்?"

"பக்கத்துல எழுதியிருக்கு. சந்தான்னு."

"எவன் படிச்சான் அத?"

"யாரும் படிக்கல. அது எங்களுக்கு மொத நாளே தெரியும்."

சிரிப்பு நின்றது. கிழவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"பூட்டிக்கும்னியே. எங்க இருக்கு பூட்டு?"

"மெசாவுக்குள்ள."

"எங்க சர்வர்ல?"

"ஆமா."

"நாங்க வாடகை கட்டற சர்வர்ல. எங்க ஆளுங்க எழுதினது, எங்க குருவி, எங்க படம். அதுக்குள்ள பூட்டு. யாரு வெச்சது?"

"நான்தான்."

"நீதானே ஃபோன்ல சொன்ன, நாங்க செத்தாலும் ஓடும்னு? நான் கேட்டேன், நீ சொன்ன."

"சொன்னேன்."

"அப்போ நீ திருடன்," என்றார் தோன் ஹசிந்தோ. கோபமே இல்லை, சொத்தைப் பல்லைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

எல்வியோ யோசித்துப் பார்த்தான். தலையாட்டினான்.

எர்னான் இதற்குள் காகிதத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தான். "தோன் ஹசிந்தோ, எங்க குண்டன் ராத்திரி பகலா வேலை பாக்கறான், சில நேரம் இப்பிடித்தான். நான் இருக்கேன். கவலைய விடுங்க."

"நீ ஒருத்தன் மரியாதப்பட்டவன் இருக்கறதாலதான் இந்த எடத்துல கால் வெக்கறேன்," என்றார் கிழவர். மேசையில் வைத்த அல்ஃபஹோர் பெட்டியைத் திரும்ப எடுத்து எர்னான் கையில் திணித்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. இங்க பிரிக்காத."

படியில் அவர் இறங்கும் சத்தம் முடிந்தது. பிறகு சில்வினா குடுவையைக் கீழே வைத்தாள்.

"அவர் சொத்துன்னு பதிவு பண்ணுவாரு. அடுத்த மாசம் நீ மூடுவ. ஜூன்ல போட்டி. இல்ல?"

"போட்டி இருக்கறதாலதான் கட்டுவாரு," என்றான் எர்னான். "யோசிச்சுப் பாரு. பதினஞ்சு வருஷக் குருவிக் கணக்கு உள்ள இருக்கு. எங்க போவாரு? ஒரு வாரம் கத்துவாரு, அப்புறம் கட்டுவாரு. எல்லாரும் கட்டுவாங்க. அந்தக் கருத்தரங்குல இதுக்கு ஒரு பேரே வெச்சிருக்கான்."

"நம்ம ஊர்லயும் இதுக்குப் பேர் உண்டு," என்றாள் சில்வினா. "ஆனா அதுக்கு முகமூடி போட்டுக்குவாங்க."

எல்வியோ சுவரைக் காட்டினான். "அந்த ஏசி இந்த மாசத்தோட முடியுதில்ல?"

"ஆமா. ஏன்?"

"அடுத்த மாசம் கடைக்காரன் மேல வந்து, பதிமூணாவது குடு, இல்லேன்னா காத்த நிறுத்துவேன்னா?"

"பல்ல ஒடைப்பேன்," என்றான் எர்னான் உடனே. பிறகு, "அது வேற," என்றான்.

"என்ன வேற?"

"அது பொருளு, குண்டா. இது சேவை."

எல்வியோ தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தான். பூட்டை எழுத ஒரு மத்தியானம் ஆகியிருந்தது. எடுக்க, ஒரு குடுவை மாத்தே ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. கேள்வி கேட்கிற பகுதி முழுவதையும் அழித்தான், கட்டியவனுக்கு, கட்டாதவனுக்கு, எல்லாருக்கும். புதுப் பதிப்பாக அனுப்பினான். கார்க்காரன், பேருந்துக்காரன், குருவிக்காரன் என்று ஒவ்வொருவன் சர்வரிலும் அது தானாகப் போய் உட்கார்ந்தது.

"என்ன பண்ற?" என்றான் எர்னான்.

"பண்ணிட்டேன். பூட்டு இல்ல."

"திரும்பப் போடு."

"நீ போடு."

எர்னானுக்கு நிரலில் ஒரு வரி எழுதத் தெரியாது. அறையின் நடுவில் நின்று அவன் கத்தினான். துரோகி என்றான், சோம்பேறி என்றான், உருப்படாதவன் என்றான், எதையும் முடிக்கத் தெரியாதவன் என்றான். கீழே ஒலிபெருக்கி படுக்கை விரிப்பின் புது விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்வியோ இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தான். கத்தலில் பாதி உண்மை. வழக்கம்போல.

*

ஏப்ரலில் ஒருவரும் கட்டவில்லை. ஏன் கட்ட வேண்டும்? ஃபிரிட்ஜ் வந்து சேர்ந்துவிட்டது.

எர்னான் அழவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கம்பெனி பெயரில் நீளமாக ஓர் அறிக்கை எழுதினான்: பன்னிரண்டு மாதம் கட்டிய எங்கள் நண்பர்களிடம் பதிமூன்றாவது மாதம் கேட்பது எங்கள் பண்பாடு அல்ல, உள்ளே சிலர் வேறு விதமாக நினைத்தார்கள், நான் அனுமதிக்கவில்லை. அடியில் தன் படம், மேல்சட்டையோடு. அதற்குக் கீழே பாராட்டு குவிந்தது. தோன் ஹசிந்தோ பெரிய எழுத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னார். தாமே நேரில் போனதாகவும், அங்கே எல்வியோ என்ற தடியன் பூட்டைக் காட்டி மிரட்டியதாகவும், எர்னான் என்ற அந்தக் கண்ணியமான பையன் குறுக்கே விழுந்து சங்கத்தைக் காப்பாற்றியதாகவும் எழுதினார். கையெழுத்துப் போட்ட காகிதத்தின் படமும் இருந்தது.

"பதில் போடவா?" என்று சில்வினா கேட்டாள்.

"அவர் பொய் சொல்லல," என்றான் எல்வியோ. "பாத்தது அதான்."

"நீ ஒரு மாடு."

அந்த நல்ல பெயரை எடுத்துக்கொண்டு எர்னான் வெளியே போனான். புதுக் கம்பெனி ஆரம்பித்தான். அங்கே சர்வரும் அவனுடையது, மன்றமும் அவனுடையது, எழுதுகிற எழுத்தும் கிட்டத்தட்ட அவனுடையதுதான். வாடிக்கையாளன் வீட்டுக்குள் போய்ப் பூட்டு மாட்ட வேண்டிய சிரமமே இல்லை, வீடே எர்னானுடையது. கார்க்காரர்கள் போனார்கள். பேருந்துக்காரர்கள் போனார்கள். பன்னிரண்டு மாதம், ஏறாத விலை. முடிந்ததும் சொந்தம் என்று இப்போதும் நினைத்துக்கொண்டுதான் போனார்கள்.

சில்வினாவும் போனாள். கிளம்பும்போது வெந்நீர்ப் பாத்திரத்தை அவனுக்கு விட்டுவிட்டாள்.

"நீ செஞ்சது சரிதான், குண்டா. சரியானத வெச்சு எங்க வீட்டுல பால் வாங்க முடியாது."

"தெரியும்."

"என்னைத் திட்டு. அப்பத்தான் எனக்கு லேசா இருக்கும்."

"பால் வாங்கு போ."

ஏசியைக் கழற்ற எர்னான் ஆள் அனுப்பினான். அது அவன் பேரில் வாங்கியது, முழுசாகக் கட்டியது, அவனுடையது. அந்த விஷயத்தில் மட்டும் அவனுக்குச் சட்டம் தெளிவாகத் தெரிந்தது. சுவரில் ஓர் ஓட்டை மிஞ்சியது. எல்வியோ அதில் அட்டை வைத்து அடைத்தான்.

விற்பனைப் பக்கத்தைத் திரும்ப எழுதினான். ஒரு விலை, ஒரு தடவை. ஒரு வருஷத்துக்குப் புதுப் பதிப்பு சேர்த்தி. அதற்கு மேல் புதுசு வேண்டுமென்றால் மறுபடி காசு, வேண்டாமென்றால் வேண்டாம், இருப்பது ஓடும். தவணை கிடையாது என்று தடித்த எழுத்தில் போட்டான். பக்கத்தைப் பார்க்க வந்தவர்கள் தவணை கிடையாது என்பதைப் பார்த்த உடனே போனார்கள். மாதத்துக்கு ஒருவரோ இரண்டு பேரோ வாங்கினார்கள். சர்வர்காரர்களுக்கு வேறு எடுபிடி வேலை செய்து மீதியைச் சமாளித்தான். துறைமுகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. போகாமல் இருப்பதே அந்த வருஷத்தின் லாபம்.

ஜூன் மாதப் போட்டிக்கு முந்தின வாரம் தோன் ஹசிந்தோவிடமிருந்து செய்தி வந்தது. சில்வினா இல்லாததால் நேராக அவனுக்கே வந்தது. புதுக் கைபேசிகளில் எடுத்த குருவிப் படங்கள் எல்லாம் மன்றத்தில் தலைகீழாக ஏறுகின்றன, நடுவர்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார்கள், மானம் போகிறது, உடனே சரி செய்யவும், மெசா எங்கள் சொத்து. கையெழுத்துப் போட்ட காகிதத்தின் படத்தை மறுபடியும் இணைத்திருந்தார். அதுவும் தலைகீழாக இருந்தது.

எல்வியோ அன்றே பதில் எழுதினான். மெசா உங்கள் சொத்துதான், யாரும் கேட்க மாட்டார்கள். படம் தலைகீழாக வருவது புதுப் பதிப்பில் சரி செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. புதுப் பதிப்பின் விலை இது, ஒரே தடவையில் கட்ட வேண்டும். வேண்டாமென்றால் படத்தைத் திருப்பிவிட்டு ஏற்றுங்கள், அது இலவசம்.

தோன் ஹசிந்தோ அவனுக்குப் பதில் எழுதவில்லை. கானரி மன்றத்தில் எழுதினார், முதல் பக்கத்தில் குத்தி வைத்தார். பதிமூன்றாவது தவணை கேட்ட அதே தடியன் இப்போது வேறு பெயரில் அதையே கேட்கிறான், ஒரு பேசோ தர வேண்டாம், இவன் திருடன் என்று அன்றைக்கே கண்டுபிடித்தது நான்தான். கீழே ஒவ்வொருவராக வந்து ஆமாம் போட்டார்கள். பரானாவிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் தாளில் படம் தலைகீழாக வருவதில்லை என்று எழுத, பேச்சு அங்கிருந்து திரும்பி வளைய எண்கள் பக்கம் போய்விட்டது.

எல்வியோ மாத்தேயில் புது வெந்நீர் ஊற்றிக்கொண்டு அதை முழுவதும் படித்தான். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருந்து திட்டிக்கொண்டிருந்தார்கள், மெசாவின் ஒரு பக்கம்கூடத் தடுமாறவில்லை.